மக்காவும் மேட்டும்

நாகர்கோவிலில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. நர்சிங் முடித்து லண்டனுக்கோ துபாய்க்கோ போகக் காத்திருக்கிற பிள்ளைகள்தான் பெரும்பாலும் வருவார்கள். நட்பு, துணை பற்றிய சொற்களுக்கு நான் முதலில் பொருள் சொல்வதில்லை. யார், யாரைப் பார்த்து, எந்த இடத்தில் சொல்லலாம் என்பதிலிருந்துதான் தொடங்குவேன். 'பிரண்ட் - நண்பன், கொலீக் - சக ஊழியர்' என்று அச்சடித்த கைடுகளால் இங்கே பிரயோஜனம் இல்லை. நண்பன் என்று எங்கள் ஊரில் பேச்சில் யார் சொல்கிறார்கள்? நாஞ்சில் நாட்டுப் பையனுக்குச் சேக்காளி, விளவங்கோட்டுக்காரனுக்குக் கூட்டுக்காரன். திருவிதாங்கூரிலும் பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த மண், மலையாளம் லேசில் நாக்கை விட்டுப் போகாது. ஆனால் நேரில் பார்த்துவிட்டால் இரண்டு பேருக்கும் ஒரே சொல்: மக்கா.

மக்காவைக் கையாளத் தெரிந்தவனுக்கு மேட் என்கிற சொல்லைச் சுலபமாகச் சொல்லிக்கொடுத்துவிடலாம். இங்கிலாந்தில் குழாய் சரிபார்க்க வருகிறவர் 'சியர்ஸ், மேட்' என்று சொல்லிவிட்டுப் போவார். அதில் சிநேகம் எதுவும் இல்லை. வடசேரி பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஒருவர், 'மக்கா, இந்த வண்டி தக்கலை போவுமா?' என்று கேட்கிறாரே, அவ்வளவுதான். நியூகாசில் பக்கம் பெட் என்பார்கள், நாட்டிங்ஹாமில் டக், கிளாஸ்கோவில் பெண்களை ஹென். வார்டில் கிடக்கிற கிழவர் 'தேங்க்யூ, டக்' என்றால் வாத்து என்று திட்டிவிட்டாரே என்று முகத்தைத் தூக்க வேண்டாம். 'பிள்ளே' என்கிறார், வேறொன்றும் இல்லை. ஆனால் பதிலுக்கு நீங்கள் அவரை அப்படிக் கூப்பிடக் கூடாது. அண்ணாச்சி நம்மை மக்கா என்கிறார் என்பதற்காக நாமும் அவரை மக்கா என்போமா?

வகுப்பு அதிகம் திணறுவது பார்ட்னரில். இதன் மூலம் பார்சனர் என்ற பழைய சொல்: பூர்வீகச் சொத்தில் கூட்டாகப் பாகம் உள்ளவர். அசல் பங்காளி! நம் கோர்ட்டுப் பத்திரங்களில் இன்றைக்கும் கோபார்சனர் என்று வருகிறதே, 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இந்துக் கூட்டுக் குடும்பத்து மகள்களுக்கும் கிடைத்த அந்த உரிமைதான். ஆனால் சொல் எங்கோ போய்விட்டது. இன்று பிரிட்டனில் ஒருவர் வெறுமனே 'மை பார்ட்னர்' என்றால், பெரும்பாலும் தன்னோடு வாழ்கிறவரைச் சொல்கிறார். குளச்சலில் வள்ளத்தில் பங்கு வைத்திருக்கிற பையன் கூட்டுக்காரரைப் பற்றிச் சொல்லும்போது பிசினஸ் பார்ட்னர் என்று சேர்த்தே சொல்ல வேண்டும்.

நர்ஸ்களுக்கு இதில் இன்னொரு பாடமும் உண்டு. பார்ட்னர் என்ற சொல் ஆணா பெண்ணா, தாலி கட்டியதா இல்லையா என்று எதையும் காட்டிக்கொடுக்காது. அதற்காகவே அதைச் சொல்கிறார்கள். 2004-இல் அங்கே ஒருபால் இணையருக்காகச் சட்டம் வந்தபோது சிவில் பார்ட்னர் என்பது சட்டப் புத்தகத்திலும் ஏறிவிட்டது. ஆகவே நோயாளி 'மை பார்ட்னர்' என்றால் நீங்களும் பார்ட்னர் என்றே எழுதுங்கள்; 'ஹஸ்பண்டா?' என்று கிண்ட வேண்டாம். இதைச் சொன்னதும் பெஞ்சில் கிளுகிளுவென்று சிரிப்பு வரும். சிரித்து முடிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். பிறகு முகம் மாறாமல் அதே வாக்கியத்தைச் சொல்லும்வரை விடமாட்டேன்.

நம் ஊர் இங்கிலீஷில் உட்பி, கசின் பிரதர், கோ-பிரதர், பேட்ச்மேட் என்று ஒரு தனிக் குடும்பமே இருக்கிறது. மட்டம் தட்ட மாட்டேன். நமக்குள் ஜோராகப் புரிகிறது. அங்கே போனால் உட்பி எடுபடாது, ஃபியான்சே என்க வேண்டும். கசின் தனியாகவே போதும். மனைவியின் தங்கை புருஷனுக்கென்று அவர்களிடம் தனிச் சொல்லே கிடையாது; பிரதர்-இன்-லா என்று பொதுவாகத் தள்ளிவிடுவார்கள். ரூம்மேட் என்றால் ஒரே படுக்கையறை என்று நினைத்துக்கொள்வார்கள். வீட்டைப் பகிர்கிறவர் ஃப்ளாட்மேட்.

மனதில் நிற்பதற்குக் கொஞ்சம் வேர்க்கதை சொல்வேன். கம்பேனியன் ரொட்டியைப் பகிர்ந்தவர், காம்ரேட் அறையைப் பகிர்ந்தவர், ஃபெல்லோ கூட்டு வியாபாரத்தில் பணம் போட்டவர். பால் என்ற சொல் ரோமானி மொழியில் சகோதரன். சமஸ்கிருத பிராதாவின் சொந்தக்காரன், இந்தியாவிலிருந்து நடந்து போனவன். மேட், ஒரே பந்தியில் சாப்பிட்டவர். ஆழ்கடலில் நாள்கணக்கில் ஒரே போட்டில் பொங்கித் தின்கிற தூத்தூர்ப் பையன்களுக்கு இதை இரண்டாவது தடவை சொல்ல வேண்டியதில்லை.

எந்தச் சொல் பொருந்தும் என்று தெரியாத இடத்தில் ஊகிக்காதீர்கள். 'வாட் வுட் யூ லைக் மீ டு கால் யூ?' என்று நோயாளியிடமே கேளுங்கள். பிரிட்டன் வார்டுகளில் அது மரியாதையான, தினசரிக் கேள்வி.