கார்டு பொட்டியில் ஒரு சீட்டு

கொஞ்ச நாளாக தொம்மலூரில் எங்கள் வீட்டு இரண்டாவது பெட்ரூமில் ஒரு ரயில் பாதை வளர்ந்துகொண்டு வருகிறது. பகலில் ஆபீஸில் பொட்டி தட்டுவது, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அதே பொட்டியில் தண்டவாளம் போடுவது. தங்கமணி இதை "ரெண்டாவது ஷிப்ட்" என்கிறாள். பாதை எங்கே என்று கேட்கிறீர்களா? சேலம் ஜங்ஷனிலிருந்து ஓமலூர், மேச்சேரி ரோடு வழியாக மேட்டூர் அணை வரை. சுமார் 40 கிலோமீட்டர். ஓடப்போவது நிலக்கரி வண்டி.

ரயில் சிமுலேட்டர் தெரியாதவர்களுக்கு ரெண்டு வரி. மைக்ரோசாஃப்ட் 2001-ல் ட்ரெயின் சிமுலேட்டர் என்று ஒன்றை வெளியிட்டது. அதோடு ஆறு பாதைகள் வந்தன. அமெரிக்காவின் மரையாஸ் கணவாய், இங்கிலாந்தின் செட்டில்–கார்லைல், ஆஸ்திரியா, ஜப்பான் என்று உலகம் சுற்றலாம், இந்தியா மட்டும் கிடையாது. ஆனால் கூடவே ஒரு எடிட்டரையும் கொடுத்தார்கள். வேண்டும் என்றால் உன் ஊரை நீயே கட்டிக்கொள் என்று அர்த்தம். அந்த மென்பொருளை இப்போது யாரும் விற்பதில்லை. ஆனால் அதன் கோப்புகளை ஓபன் ரெயில்ஸ் என்ற இலவச மென்பொருள் அழகாக ஓட்டுகிறது. அதனால் நம்ம பிழைப்பும் ஓடுகிறது.

வெளிநாட்டில் இதுபோல நிலக்கரிப் பாதை கட்டுகிறவர்கள் நிறைய. அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பக்கம் அவர்களுக்கு ரொம்பப் பிடித்த இடம். அங்கே கதை சுலபம். மலையில் சுரங்கம், அங்கிருந்து பள்ளத்தாக்கில் இறங்கும் ரயில். நம்ம கதை அப்படி இல்லை. என் மகள் கேட்டாள், "தாத்தா, மேட்டூர்ல கரி தோண்டுவாங்களா?" (பெங்களூரில் பிறந்தது. தோழிகளோடு கன்னடம், எங்களோடு கன்னட வாசனையில் தமிழ்.) அப்பா சிரித்துவிட்டு விரலால் மேஜையில் படம் போட்டுக் காட்டினார்.

ஒடிசாவில் தால்ச்சேரில் வெட்டின கரி ரயில் ஏறி பாரதீப் துறைமுகத்துக்குப் போகும். அங்கே கப்பல் ஏறி எண்ணூருக்கு வரும். எண்ணூர்த் துறைமுகம் 2001-ல் திறந்ததே முக்கியமாக இந்தக் கரிக்காகத்தான் (2014-லிருந்து காமராஜர் துறைமுகம்). அங்கே மறுபடி ரயில் ஏறி, ஜோலார்பேட்டை, சேலம் வழியாக ஏறக்குறைய 400 கிலோமீட்டர் வந்தால் மேட்டூர் அனல் மின் நிலையம். ஆக, நம்ம ஊர் கரி மலையிலிருந்து வருவதில்லை, கடலிலிருந்து வருகிறது. வண்டி வரும் கடைசித் துண்டு பாதையோ, 1925-லிருந்து 1934 வரை அணை கட்டியபோது சாமான் கொண்டுவரப் போட்டது. தண்ணீருக்காகப் போட்ட தண்டவாளத்தில் நெருப்புக்கான சரக்கு!

கணக்கும் போட்டுப் பார்த்தேன். மேட்டூரில் 210 மெகாவாட் யூனிட் நாலு, 2013-ல் சேர்ந்த 600 மெகாவாட் யூனிட் ஒன்று. மொத்தம் 1440 மெகாவாட். நம்ம நாட்டு கரியில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு சுமார் 700 கிராம் என்று வைத்துக்கொண்டால், முழு வேகத்தில் ஒரு நாளைக்கு 24,000 டன் சாப்பிடும். ஒரு ரேக்குக்கு 58 பாக்ஸ்-என் வேகன், வேகனுக்கு சுமார் 58 டன். அப்படியானால் ஒரு வண்டியில் சுமார் 3,400 டன். ஆகவே தினம் ஏழு வண்டி உள்ளே போகணும், ஏழு காலி வண்டி வெளியே வரணும். நான் கட்டுவது 2005-ஐ. அப்போது 840 மெகாவாட்தான், நாலு வண்டி போதும். ஆனால் அப்போது ஓமலூருக்கு அந்தப்பக்கம் ஒற்றைப் பாதை, மேலே கம்பியும் கிடையாது. டீசல் இஞ்சின்கள்தான்.

ஏன் 2005? அப்பா 2009-ல் ரிட்டயர் ஆனார். அவர் கூட்ஸ் கார்டு.

கட்டுமானக் கதையைச் சொல்லிவிட்டு அவரிடம் வருகிறேன். மண்ணை நாம் குவிக்க வேண்டியதில்லை. பிப்ரவரி 2000-ல் எண்டவர் விண்வெளி ஓடம் 11 நாள் பூமியைச் சுற்றி ராடாரால் மேடு பள்ளத்தை அளந்தது. அந்தத் தரவு இலவசம். அதைக் கொட்டினால் சேர்வராயன் மலையும் பாலமலையும் தானாக எழும்பி நிற்கும். உலகம் 2048 மீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரிந்திருக்கும், ஒவ்வொரு கட்டமாக ஊரை நிரப்பணும். மென்பொருளோடு வரும் மரங்கள் பெரும்பாலும் குளிர்தேசத்து மரங்கள். ஓமலூருக்குப் பக்கத்தில் பைன் மரம் நின்றால் எப்படி இருக்கும்? தென்னை, புளி, சீமைக்கருவேலம் எல்லாம் புதுசாகச் செய்தேன். அடுத்த தலைவலி தண்டவாளம். அங்கே வரும் பாதை 1435 மில்லிமீட்டர் அகலம், நம்ம அகலப்பாதை 1676. வித்தியாசம் 24 செண்டிமீட்டர். நம்ம வேகனை அதில் நிறுத்தினால் சக்கரம் தண்டவாளத்துக்கு வெளியே அந்தரத்தில் தொங்கும். நேர்த்துண்டு, வளைவு, பாயிண்ட் என்று ஒவ்வொன்றுக்கும் அகலமான வடிவம் வேண்டும். இந்திய ஆர்வலர்கள் முன்னமே செய்து வைத்திருப்பது பாதி கைகொடுத்தது, மீதியை உட்கார்ந்து வரைந்தேன்.

அம்மா போனபிறகு அப்பாவை மேட்டூரிலிருந்து இங்கே கூட்டி வந்தோம். தூரம் என்னமோ இருநூறு கிலோமீட்டர் சுற்றுத்தான். அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் உங்களுக்கு அது தூரமே இல்லை. ஆனால் எழுபது வயசுக்கு மேல் வேர் பிடுங்கி நட்டால் பக்கத்து வயலும் பரதேசம்தான். சாயங்காலம் சொக்கநாதசுவாமி கோயிலுக்குப் போவார். (பெயரைப் பார்த்து சிவன் என்று நினைக்காதீர்கள், உள்ளே இருப்பவர் பெருமாள்.) அங்கே கல்லில் பழைய தமிழ் எழுத்து இருக்கிறது, ஊர்ப்பெயர் தொம்பலூர் என்று வரும். அதைத் தடவிப் பார்த்துவிட்டு வந்து டிவி முன்னால் உட்காருவார். பேச்சு ரொம்பக் குறைந்துபோயிருந்தது. "சாப்பிட்டீங்களாப்பா", "ஆச்சு கண்ணு". அவ்வளவுதான்.

முதன்முதலில் வண்டி ஓட்டிக் காட்டினபோது பின்னால் நின்று பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ஏண்டா கண்ணு, இஞ்சின்லயே நிக்கறியே. கடைசியில ஒருத்தன் உக்காந்திருப்பானே, அவன் எங்கே?" என்றார்.

"இதுல டிரைவர் மட்டும்தாங்கப்பா."

"அப்பறம் வண்டி முழுசா வந்துச்சுன்னு யாரு சொல்லுவா?"

அந்தக் கேள்விதான் இந்தப் பாதையையே மாற்றியது. அதற்கப்புறம் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பாடம் எடுத்தார். 58 வேகன் மட்டும் 621 மீட்டர். ரெண்டு இஞ்சினும் பிரேக் வேனும் சேர்த்தால் ஏறக்குறைய 670. கிராஸிங்குக்கு ஒதுங்கும் லூப்பின் நிர்ணய நீளம் 686 மீட்டர். மிச்சம் பதினைந்து மீட்டர் சொச்சம்தான். முன்னால் இருக்கும் டிரைவருக்கு வால் தெரியாது. வால் உள்ளே அடங்கவில்லை என்றால் எதிர்வண்டிக்கு வழி இல்லை. "ராத்திரியில இறங்கி டார்ச் அடிச்சுப் பாத்துட்டுத்தான் சொல்லுவோம்." கடைசி வண்டியில் தொங்கும் அந்த விளக்கும் 'எல்.வி.' பலகையும் அலங்காரம் இல்லை. நடுவில் கப்ளிங் அறுந்து பாதி வண்டி பாதையிலேயே நிற்கவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. ஸ்டேஷனில் அதைப் பார்த்த பிறகுதான் அடுத்த வண்டிக்கு வழி.

இத்தனை வருஷத்தில் அப்பா தொடர்ந்து இவ்வளவு நேரம் தன் வேலையைப் பற்றிப் பேசிக் கேட்டது அன்றைக்குத்தான். வீட்டில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய இரும்புப் பெட்டி, ரெண்டு கொடி, ஒரு விளக்கு, நேரம் கெட்ட நேரத்துச் சாப்பாடு.

அந்த வேலையே இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. 2022-ல் கார்டு என்ற பெயரை ட்ரெயின் மேனேஜர் என்று மாற்றினார்கள். சரக்கு வண்டியின் கடைசியில் ஆளுக்குப் பதிலாக ஒரு கருவியை மாட்டி, வண்டி முழுசாக இருக்கிறதா என்று இஞ்சினுக்கே சொல்ல வைக்கும் முயற்சியும் நடக்கிறது. அப்பாவிடம் சொன்னேன். "நல்லதுதான். மழையில பாவம், எதுக்கு ஒருத்தன்?" என்றார். கொஞ்சம் கழித்து, "ஆனா அது இறங்கி நடந்து பாக்குமா?" என்றார்.

அதனால் மூன்று வாரம் மற்ற வேலையை நிறுத்திவிட்டு, பிரேக் வேனுக்கு உள்பக்கம் செய்தேன். சிமுலேட்டரில் 5-ஆம் எண்ணை அழுத்தினால் பயணிகள் பெட்டியின் உள்ளிருந்து பார்க்கலாம். சரக்கு வண்டிக்கு யாரும் உள்பக்கம் செய்வதில்லை, செய்யக்கூடாது என்று சட்டமும் இல்லை. ஒரு நாற்காலி, கைபிரேக் சக்கரம், காற்றழுத்தம் காட்டும் கேஜ், ரெண்டு பக்கமும் திறந்த வராந்தா. அளவெல்லாம் அப்பா சொல்லச் சொல்ல. ஓபன் ரெயில்ஸில் ஆட்டோபைலட் உண்டு என்பதால் டிரைவர் கவலையும் இல்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி சேலத்தைவிட்டுக் கிளம்பும். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்காருவார். ஓமலூர் தாண்டி வளைவில் 58 வேகனும் வரிசையாகத் திரும்ப, தூரத்தில் இஞ்சின் புகை தெரியும். மகள் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு. ஸ்டேஷன் பெயர், வந்த நேரம், போன நேரம் எல்லாம் எழுதணும். அது கார்டின் ஜர்னலாம். "தாத்தா, மேச்சேரி ரோடு ஒம்போது நாப்பத்திரெண்டு" என்று தமிழில் எழுதுகிறாள். எழுத்துக்கூட்டித்தான், ஆனாலும் தமிழில். ஸ்கூல் பக்கம் தமிழே இல்லாத பிள்ளைக்கு இது எனக்குக் கிடைத்த இனாம்.

இன்னும் நிறைய பாக்கி. வேகனைக் கழற்றி ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக் கொட்டும் டிப்ளர் அசையவில்லை. அணைக்கட்டுப் பக்கம் வெறும் பொட்டல். போன வாரம் அப்பா புது வேலை ஒன்று கொடுத்திருக்கிறார். காலி வண்டிக்கு வேறு சத்தம் வேண்டுமாம். "லோடு வண்டி முனகும், காலி வண்டி உளறும். ரெண்டும் ஒண்ணா இருந்தா எனக்குத் தூக்கம் வந்துரும்" என்கிறார். சத்தத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.