பொந்துள்ள மரமும் பொறுப்புள்ள மாந்தரும்

திருக்குர்ஆனின் ஸபா அத்தியாயத்தில் நபி சுலைமான் (அலை) அவர்களின் இறுதியைப் பற்றிய செய்தி ஒன்று வருகிறது. கைத்தடியில் சாய்ந்து நின்றவாறே அவர்களின் உயிர் பிரிந்தது என விரிவுரையாளர்கள் கூறுவர். நின்ற கோலம் மாறாமையால், அவர்கள் உயிருடன் இருப்பதாகவே எண்ணி ஜின்கள் தம் உழைப்பைத் தொடர்ந்தன. நிலத்துச் சிற்றுயிர் ஒன்று அந்தத் தடியை அரித்துத் தீர்த்து, திருமேனி சாய்ந்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. மறைவானவற்றை ஜின்கள் அறியா என்பதை உணர்த்த வந்த அந்நிகழ்ச்சி, மரத்தடியில் வாழும் நமக்கும் ஒன்றை உணர்த்துகிறது. நிற்கிறது என்ற ஒன்றே உறுதிக்குச் சான்றாகிவிடாது.

இதனை நாம் நினைப்பதற்குக் காரணம் உண்டு. வைகாசி கழிந்து தென்மேற்குப் பருவம் தொடங்கியதும், பாலக்காட்டுக் கணவாய் வழியே கொங்கு நாட்டுக்குள் காற்று புகுந்து வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வாய் திறந்திருக்கும் இடம் அது. பல்லடம், உடுமலைப் பகுதிகளில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்றுதான், நம் தெருக்களில் நிற்கும் தூங்குமூஞ்சியையும் வேம்பையும் புளியையும் ஆட்டிப் பார்க்கிறது. காற்றின் வேகம் இருமடங்கானால் மரத்தின்மேல் அது செலுத்தும் விசை நான்கு மடங்காகும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்றனர் முன்னோர். அம்மி பறக்கிறதோ இல்லையோ, ஆண்டுதோறும் சில மரங்கள் சாய்கின்றன. உடனே ஊரில் இரண்டு குரல்கள் எழுகின்றன. பழைய மரங்களையெல்லாம் வெட்டிவிட வேண்டும் என்பது ஒன்று. எந்த மரத்தின்மீதும் கை வைக்கலாகாது என்பது மற்றொன்று.

நம் மார்க்கம் இவ்விரண்டில் எதன் பக்கம் நிற்கிறது? ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்ற நபிமொழி நம் பிள்ளைகளும் அறிந்தது. வழியில் செல்வோர்க்குத் தொல்லையாயிருந்த மரம் ஒன்றை வெட்டி அகற்றியதற்காகச் சுவனத்தில் இன்புற்றிருக்கும் மனிதர் ஒருவரைத் தாம் கண்டதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நவின்றதும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அபூதாவூதிலோ இலந்தை மரத்தை வெட்டுவோனுக்குக் கடும் எச்சரிக்கை காணப்படுகிறது. வழிப்போக்கரும் விலங்குகளும் நிழல் பெறும் மரத்தைத் தக்க காரணமின்றி அநியாயமாக வெட்டுவோனையே அது குறிக்கும் என்று அந்நூலாசிரியரே விளக்கம் தருகிறார். ஆக, மரத்தின்மீது கோடரி வைத்த ஒருவருக்குச் சுவனம், மற்றொருவருக்கு எச்சரிக்கை. கோடரி இருவருக்கும் ஒன்றே. அந்த மரம் தீங்கு செய்வதா, நிழல் தருவதா என்பதிலேதான் வேறுபாடு அமைகிறது. அதனை ஆராய்ந்து அறியாமல் வெட்டுவதும் அறமன்று. ஆராய்ந்து அறியாமல் விட்டுவைப்பதும் அறமன்று.

எனில், எவ்வாறு அறிவது? மரத்தின் அமைப்பிலிருந்து தொடங்குவோம். புறத்தே வைரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வைரம் உடையவற்றை மரம் என்றும் தொல்காப்பியம் வகுத்தது. தென்னையும் பனையும் முதல் வகையைச் சேர்ந்தவை. வேம்பும் புளியும் இரண்டாம் வகை. இந்த இரண்டாம் வகையில் நடுவேயுள்ள வைரக்கட்டை உயிரற்றது. மரத்தைத் தாங்கும் தூணாக நிற்பதே அதன் பணி. நீர் ஏறுவது வெளிக்கட்டையில். புதுக்கட்டையும் புதுப்பட்டையும் பிறப்பது பட்டைக்கு அடியிலுள்ள மெல்லிய உயிர்ப்படையில். ஆகவே உள்ளே பூஞ்சை புகுந்து வைரத்தைத் தின்று பொந்தாக்கிய பின்னரும் மரம் தழைக்கும், பூக்கும், காய்க்கும். உள்ளே கெட்ட மரத்தைப் புறத்தே பசுமையாகக் காட்டுவதும் இதுவே. பொந்து விழுந்த மரத்தை நூறாண்டு வாழவைப்பதும் இதுவே.

பொந்தைக் கண்டவுடன் மரம் போயிற்று என்போர் ஒரு கணக்கை அறிதல் நன்று. தண்டின் விட்டத்தில் பாதியளவு நட்டநடுவே பொந்தாகிவிட்டாலும், வளைவைத் தாங்கும் வலிமையில் குறைவது பதினாறில் ஒரு பங்குதான். பத்தில் ஏழு பங்கு பொந்தானாலும் இழப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே. மூங்கிலும் மிதிவண்டியின் குழாயும் உள்ளீடின்றி வலிமை பெற்றிருப்பது இதே முறையில்தான். ஜெர்மானிய ஆய்வாளர் கிளாஸ் மாத்தெக், தண்டின் ஆரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கேனும் நல்ல கட்டை சுற்றிலும் இருக்க வேண்டும் என்றொரு வரம்பு சொன்னார். அது வழிகாட்டியே தவிர முடிந்த தீர்ப்பன்று. பொந்து ஒரு பக்கமாக வாய் பிளந்திருந்தாலோ, தண்டில் நெடுக வெடிப்பு ஓடியிருந்தாலோ அந்தக் கணக்குப் பொருந்தாது.

மரம் தன் புண்ணை எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதை அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ 1970களில் தெளிவுபடுத்தினார். ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காகப் பிளந்து பார்த்து அவர் கண்டது இது: நம் தோல் ஆறுவதுபோல் மரத்தின் புண் ஆறுவதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றி மரம் சுவர் எழுப்பி, அழுகலை அடைத்துவைத்து, அதற்கு வெளியே புதுக்கட்டையை வளர்க்கிறது. இதனை அறிந்த பின்னர், பொந்தைச் சுரண்டித் துப்புரவாக்கிச் சிமெண்டு பூசி அடைக்கும் பழைய வழக்கம் கைவிடப்பட்டது. சுரண்டும்போது மரம் எழுப்பிய சுவரே உடைகிறது. காற்றில் மரம் அசையும்; சிமெண்டு அசையாது; இடையே ஈரம் தங்கும். மின்கம்பிக்காகவோ வேறு எதற்காகவோ மரத்தின் தலையை மொட்டையடிப்பதும் அத்தகைய கேடே. வெட்டுவாய் வழியே அழுகல் இறங்குகிறது. மேலே விரைந்து துளிர்க்கும் கொம்புகள் பிடிப்பில்லாமல் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன.

அஞ்சத்தக்க அடையாளங்கள் பெரும்பாலும் கீழே இருக்கின்றன. வேர்களில் பெரும்பகுதி நிலத்தின் மேலிரண்டு அடிக்குள்ளேயே, கிளைகளின் நிழலுக்கு அப்பாலும் பரவுகிறது. சாக்கடைக்கோ குழாய்க்கோ தண்டை ஒட்டிப் பள்ளம் தோண்டினால் ஒரு பக்கத்து வேர் முழுதும் அறுபடலாம். இலையோ சில காலம் வாடாது. தண்டின் அடியில் தட்டுப்போல் நீட்டிக்கொண்டிருக்கும் காளான், புதிதாய்த் தோன்றிய சாய்வு, சாய்வின் எதிர்ப்புறத்தில் மண் வெடித்து எழும்புதல், இரு தண்டுகள் பிரியும் குறுகிய கவையில் பட்டை மடிந்து சிக்கியிருத்தல், உச்சிக் கொம்புகள் பட்டுப்போதல் ஆகியவை கவனிக்கத்தக்கவை. பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை விவசாயிகளுக்கு இப்பாடம் புதிதன்று. 1952ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் தஞ்சையில் கண்டறியப்பட்டுத் தஞ்சாவூர் வாடல் எனப் பெயர் பெற்ற அடித்தண்டழுகல் நோய், கனோடெர்மா என்னும் பூஞ்சையால் வருவது. தூரில் செம்பழுப்புச் சாறு வடியத் தொடங்கும்போதே, கெடுதல் வேரில் முற்றியிருக்கிறது என்பதை அவர்கள் அறிவர்.

கவனியாமையின் விலை சிறிதன்று. 2022 ஜூன் 24 அன்று சென்னை கே.கே. நகரில், அருகே வடிகால் பணி நடந்துவந்த சாலையில், மரம் ஒன்று காரின்மேல் சாய்ந்து வங்கி மேலாளரான பெண்மணி ஒருவர் உயிரிழந்தார். அது விழுந்த காரணம் பற்றிக் கருத்து வேறுபட்டது. போன உயிர் போனதே. மற்றொரு புறம், உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு 2010 ஜூனில் கோவையில் கூடியபோது, அதற்குமுன் அவிநாசி சாலையை அகலமாக்க வெட்டுண்ட மரங்களை நம் நகரம் இன்றும் நினைத்துக்கொள்கிறது. அவை நோயால் வீழ்ந்தவை அல்ல. ஒரு கண்ணில் அந்த மரணத்தையும் மறு கண்ணில் இந்த வெறுமையையும் வைத்தே நாம் மரத்தை நோக்க வேண்டியிருக்கிறது.

நம் மஹல்லா ஒன்றில் இச்சோதனை வந்தது. பள்ளிவாசல் வளாகத்தில் மூன்று தலைமுறை கண்ட தூங்குமூஞ்சி மரம் ஒன்று. அதன் தண்டில் ஒரு பிள்ளை நுழையத்தக்க பொந்து. அதன் நிழலில் மத்ரஸா. வாயிலருகே செழிப்பான வேம்பு ஒன்று. தூங்குமூஞ்சியை வெட்டியாக வேண்டும், பிள்ளைகளின் உயிர் பெரிது என்றனர் சிலர். பெரியோர் வக்ஃபாக விட்டுச்சென்ற நிழலை அழிக்க நாம் யார் என்றனர் வேறு சிலர். இரு சாராரின் நெஞ்சிலும் இறையச்சமே இருந்தது. மரத்தைப் பற்றிய அறிவு இருவரிடமும் இல்லை. வனத்துறையில் பணி முடித்து ஓய்விலிருந்த அன்பர் ஒருவரை முத்தவல்லி அழைத்துவந்தார். அவர் கொட்டாப்புளியால் தண்டைச் சுற்றிலும் தட்டி ஓசை கேட்டார். மெல்லிய இரும்புக் கம்பியைப் பொந்துக்குள் செலுத்திச் சுவரின் கனத்தை அளந்தார். பிறகு, நம்மவர் ஏறிட்டும் பாராத வேம்பின் அடியில் குந்தி மண்ணைக் கிளறினார். "பொந்தைப் பாத்துப் பயந்துக்காதீங்க பாய், மொதல்ல வேரைப் பாருங்க. மரம் வேர்லதானுங்க நிக்குது" என்றார்.

தெருவில் சாக்கடை தோண்டியபோது வேம்பின் ஒரு பக்கத்து வேர்கள் அறுபட்டிருந்தன. எஞ்சியவை கறுத்து, விரலால் அழுத்தினால் நொறுங்கும் நிலையில் இருந்தன. தூரில் மண்ணோடு மண்ணாய்க் காளான் தட்டு ஒன்று ஒட்டியிருந்தது. ஜும்ஆ முடிந்து நூற்றுக்கணக்கானோர் வெளியேறும் வழியில் அது நின்றது. வேம்பு அகற்றப்பட்டது. தூங்குமூஞ்சியில், மத்ரஸாவின் கூரைமேல் கிடையாக நீண்டு வெடிப்புக் கண்டிருந்த கிளை ஒன்றை மட்டும் குறைத்தனர். ஆண்டுதோறும் வைகாசியில் மரத்தைப் பரிசோதிப்பது என்று ஜமாஅத் ஏட்டில் எழுதப்பட்டது. விறகு விற்ற தொகை வக்ஃபின் கணக்கில் சேர்ந்தது. வேம்பு நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளி இரண்டு புங்கன் கன்றுகள் நடப்பட்டன.

இங்கே கேட்கப்பட்ட கேள்விகள் மூன்று. எந்தப் பகுதி முறியக்கூடும்? முறிவதற்கு வாய்ப்பு எவ்வளவு? முறிந்தால் யார்மேல், எதன்மேல் விழும்? மூன்றாவது கேள்வியை நம்மவர் மறந்துவிடுகின்றனர். ஆளரவமற்ற தோட்டத்து மூலையில் நிற்கும் பட்ட மரத்தால் யாருக்கும் ஆபத்தில்லை; கிளிக்கும் ஆந்தைக்கும் அது வீடு. அதே மரம் பள்ளிக்கூட வாயிலில் நின்றால் நிலைமை வேறு. எனவே பரிகாரமும் வெட்டுதல் ஒன்றே அன்று. கிளையைக் குறைக்கலாம், முட்டுக் கொடுக்கலாம், அடியிலுள்ள இருக்கையை அப்பால் நகர்த்தலாம், காற்று நாளில் வழியை அடைக்கலாம். கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத ஐயம் எழுந்தால் கருவிகள் உள்ளன. தண்டைச் சுற்றி உணரிகளைப் பொருத்திச் சுத்தியால் தட்டி, ஒலி மறுபுறம் சேரும் நேரத்தைக் கொண்டு உள் அழுகலை வரைபடமாக்குவது ஒரு முறை. ஊசிபோன்ற துளைக்கருவியைச் செலுத்தி, கட்டை காட்டும் எதிர்ப்பை அளப்பது மற்றொரு முறை.

தண்டு போனால் மரம் போயிற்று என்றும் எப்போதும் சொல்வதற்கில்லை. ஹௌரா தாவரவியல் பூங்காவின் பேராலமரம் 1864, 1867 ஆகிய ஆண்டுகளின் புயல்களில் அடிபட்டது; பின்னர் நடுத்தண்டில் பூஞ்சை பற்றியது; 1925இல் அத்தண்டை அகற்றினர். ஆயிரக்கணக்கான விழுதுகளின்மேல் அம்மரம் இன்றும் பரந்து நிற்கிறது. சென்னை அடையாற்று ஆலமரத்தின் தாய்த்தண்டும் 1989இல் காற்றில் வீழ்ந்தது. விழுதுகள் மரத்தைக் காத்தன. கெட்டதை மட்டும் நீக்கி நல்லதைக் காப்பது இயலும் என்பதற்கு இவை சாட்சிகள். ஆல் பெற்ற வரம் வேம்புக்கு இல்லைதான். ஒவ்வொரு மரத்தையும் அதனதன் இயல்பறிந்து தீர்மானிக்க வேண்டும் என்பதே நாம் கொள்ளத்தக்க பொருள்.

கோவை மக்களாகிய நமக்கு இதில் சாக்குச் சொல்ல இடமில்லை. 1902இல் தோன்றிய காஸ் வன அருங்காட்சியகம் இங்குள்ளது. 1912இல் வனக் கல்லூரி இங்குதான் தொடங்கப்பட்டது. வன மரபியல் மற்றும் மரப்பெருக்க நிறுவனம் இந்நகரில் இயங்குகிறது. வேளாண் பல்கலைக்கழகத்தின் வனக்கல்லூரி மேட்டுப்பாளையத்தில் உள்ளது. அறிந்தோர் அருகிலிருக்க, அறியாமல் கோடரி எடுப்பானேன்? அறியாமல் கைகட்டி நிற்பானேன்?

பள்ளிவாசல் முற்றத்திலும் மையவாடியிலும் நிற்கும் மரங்கள் எந்த நிர்வாகியின் சொத்தும் அல்ல, அவை அமானிதம். அவற்றின் நிழலில் அமரும் பிள்ளைகளும் அமானிதமே. காற்று கிளம்புமுன் ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் மரங்களை எண்ணி, அறிந்தவர் ஒருவரோடு தூரிலிருந்து உச்சிவரை நோக்கி, கண்டதை ஏட்டில் குறித்துவைக்கட்டும். அடிமரத்தைச் சுற்றிச் சிமெண்டு பூசாமல் நீர் இறங்க இடம் விடட்டும். வெட்டத்தான் வேண்டுமெனில் உரிய அனுமதியோடு வெட்டி, அதற்கு முன்பே மாற்றுக் கன்றுக்குக் குழி எடுக்கட்டும். நட்டவருக்கும் நன்மை, தொல்லையை அகற்றியவருக்கும் நன்மை என்ற நற்செய்தி நமக்குக் கிடைத்திருக்கிறது. இரண்டையும் பெறுவதற்கு நாம் கொடுக்க வேண்டிய விலை, குனிந்து வேரைப் பார்க்கும் சிறு சிரமம் மட்டுமே.