தோடிக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி

பழைய கேசட்டுகளை டிஜிட்டலாக மாற்றிக் கொடுப்பது என் தொழில். ஒலியில் இரைச்சலை நீக்குவதைவிட, கோப்பின் பெயரைக் காப்பாற்றுவதற்குத்தான் அதிகக் கவனம் வேண்டியிருக்கிறது என்றால் பலரும் நம்புவதில்லை. நான் வேலை செய்வது லினக்ஸில். கேசட் கொண்டுவருகிறவர்கள் வீட்டில் இருப்பது பெரும்பாலும் விண்டோஸ்.

லினக்ஸ் கோப்புப் பெயரில் சாய்கோட்டையும் (/) சுழிய பைட்டையும் தவிர எதையும் ஏற்கும். விண்டோஸுக்கு < > : " / \ | ? * ஆகிய ஒன்பதும் ஆகாது. பெயரின் கடைசியில் புள்ளியோ இடைவெளியோ நின்றாலும் தகராறுதான், ‘கி.மு.’ என்று முடியும் ஃபோல்டர் இதில் மாட்டிக்கொள்ளும். எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறையில் உள்ள பென் டிரைவாக இருந்தால், ஆகாத குறிகளுக்கு நகலெடுக்கும்போதே பிழை காட்டிவிடும், அது நல்லது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் உள்ள ஹார்ட் டிஸ்க் என்றால் லினக்ஸ் சத்தமில்லாமல் எழுதி முடித்துவிடலாம். அப்போது வாங்கிக்கொண்டு போனவர் வீட்டில்தான் கோப்பு திறக்காது.

இந்தக் குறிகளை ஒரே கட்டளையில் துடைத்துவிட முடியும். ஆனால் துடைக்கக் கூடாது. உறையில் ஒரு பெரியவர் பேனாவால் ‘தோடி?’ என்று எழுதியிருப்பார். கோப்புக்கும் அதுவே பெயராகியிருக்கும். ராகம் தோடிதானா என்று அவருக்கு ஐயம் இருந்தது என்பதற்கு அந்தக் கேள்விக்குறி ஒன்றுதான் சாட்சி. அதை எடுத்துவிட்டால் அவருடைய ஐயம் முடிந்த முடிவாக மாறி, பின்னால் வருகிற ஆய்வாளரை ஏமாற்றும். அதே ஃபோல்டரில் ‘தோடி’ என்று வேறொரு பதிவும் இருந்தால் இரண்டுக்கும் ஒரே பெயர் வந்து சேரும். பெயர் மாற்றும் வெறும் ‘எம்வி’ கட்டளை எதையும் கேட்காமல் ஒன்றின் மேல் மற்றதை எழுதிவிடும். ஒரு கச்சேரி போனது போனதுதான்.

அதனால் ஒவ்வொரு குறிக்கும் அது சொல்லவந்த பொருளைப் பார்த்தே மாற்று வைக்கிறேன். 19:30 என்பது நேரம், 19.30 ஆகலாம். கேள்விக்குறி ‘(ஐயம்)’ ஆகும். சிலர் கண்ணுக்கு அதே போலத் தெரியும் முழு அகலக் கேள்விக்குறியைப் போடுகிறார்கள். விசைப்பலகையில் தட்டித் தேடினால் அது அகப்படாது என்பதால் நான் அதை ஏற்பதில்லை.

தமிழ்ப் பெயர்களில் இன்னும் ஆழமான குழிகள் உண்டு. ‘எழுத்தும் எண்ணும் அல்லாததை நீக்கு’ என்று பைத்தானில் ஒரு விதி எழுதினால், உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் அது எழுத்தாகக் கருதாது. ‘தோடி’ ‘தட’ ஆகிவிடும். ‘கச்சேரி’ ‘கசசர’ ஆகும். இணையத்தில் கிடைக்கும் பல ஆயத்த நிரல்கள் இந்த வகைதான். பழைய மேக் டிஸ்க்கிலிருந்து வரும் கோப்புகளில் வேறொரு சிக்கல்: மேக்கின் கோப்பு முறையான எச்எஃப்எஸ் பிளஸ் ‘ோ’ என்ற ஒற்றைக் குறியை ஏகாரக் குறி, கால் என இரண்டாகப் பிரித்துச் சேமிக்கும். திரையில் வேறுபாடு தெரியாது. லினக்ஸுக்கோ ஒற்றைக் குறியுள்ள பெயரும் பிரித்த குறியுள்ள பெயரும் வெவ்வேறு. ‘கான்வ்எம்வி’ என்ற நிரல் இதைச் சரிசெய்யும். நீளமும் உதைக்கும்: லினக்ஸின் வழக்கமான எல்லை 255 பைட்; யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். ஆக, உயிர்மெய்க் குறிகளையும் சேர்த்து எண்ணினால் 85தான் கிடைக்கும். விண்டோஸில் தாராளமாக வைத்த நீண்ட பெயர் இங்கே நுழையாது.

வேலையின் ஒழுங்கு எளிது. முதலில் எல்லாப் பெயர்களையும் ஒரு பட்டியலாக எடுப்பேன். பக்கத்தில் புதிய பெயர். புதிய பெயர்களில் இரட்டிப்பு உண்டா என்று பார்ப்பேன். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை விண்டோஸ் வழக்கமாகப் பொருட்படுத்தாது என்பதால் ஆங்கிலப் பெயர்களை அந்தக் கண்ணோடும் பார்க்க வேண்டும். பிறகு ஒத்திகை ஓட்டம். பெர்ல் மொழியில் எழுதப்பட்ட ‘ரீநேம்’ நிரலில் அதற்கு வசதி இருக்கிறது, ஏற்கெனவே உள்ள கோப்பின் மேல் அது தானாக எழுதவும் எழுதாது. கடைசியாக உள்ளே உள்ளவற்றை முதலில் மாற்றி, வெளி ஃபோல்டரைப் பிறகு மாற்றுவேன். மேலிருந்து தொடங்கினால் பட்டியலில் உள்ள பாதைகள் எல்லாம் பொய்யாகிவிடும்.

உங்கள் வீட்டுப் பதிவுகளை யாரிடமாவது மாற்றக் கொடுத்தால், ஹார்ட் டிஸ்க்கோடு பழைய பெயரும் புதிய பெயரும் அடங்கிய பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். கேசட் உறைகளைத் தூக்கிப் போடாதீர்கள்.