பலர் இருக்கும் வீட்டில் விளக்கணைத்தல்

விளக்கை ஏற்றத் தெரிந்தவர் பலர். அணைக்கத் தெரிந்தவர் சிலர். தனியொருவர் மேசையிலுள்ள கணினியை அவர் வேண்டியபோது நிறுத்தலாம். பலர் ஒருங்கே பயன்படுத்தும் கணினி அத்தகையதன்று. அது பலர் இருக்கும் வீடு. அங்கே விளக்கணைப்பவன் தன் உறக்கத்தை மட்டும் எண்ணுதல் தகாது.

கல்லூரியை விட்டு நீங்கிய பின் தொழில் என்னைக் கல்முனைக் கரைக்குக் கொணர்ந்தது. சேமிப்புக் கணக்குகளைப் பேணும் ஓர் அலுவலகத்தின் கணினிகளைப் பராமரிப்பது என் பணி. சேர்வர் என வழங்கும் தாய்க்கணினி ஒன்று. அதனோடு இணைந்தவை பத்துப் பன்னிரண்டு. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை நீண்டதை அன்பர்கள் மறந்திரார்.

அந்நாள்களில் ஒரு பிற்பகல், "எப்படியும் கரண்ட் போகப்போகின்றதே" என்று அலுவலர் ஒருவர் தாய்க்கணினியின் ஆளியையும் சேர்த்து நிறுத்திவிட்டார். மறுநாட் காலை, பன்பாய் இழைத்துச் சிறுகச் சிறுகச் சேர்த்த ஒரு மூதாட்டி வந்தார். முதல்நாள் பணம் செலுத்திய பற்றுச்சீட்டு அவர் கையில் இருந்தது. கணினியில் அப்பணம் இல்லை. "தம்பி, நான் கட்டின காசு எங்கே?" என்றார். பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளைக் கொண்டு அன்றைய பதிவுகளை மீட்க இரண்டு நாள் சென்றன. அவ்விரண்டு நாளும் அம்மூதாட்டியின் நேர்மைக்கு ஒரு கடதாசித்துண்டே சான்றாயிருந்தது.

கணினி தான் பெறும் யாவற்றையும் உடனே வன்தட்டில் எழுதுவதில்லை. விரைவின் பொருட்டுச் சிறிது நேரம் நினைவகத்தில் வைத்திருந்து பின்னரே எழுதும். மின்சாரம் திடீரென அற்றால் நினைவகத்தில் உள்ளது அழியும். பாதி எழுதியது பாதியாகவே நிற்கும்.

முறையாக நிறுத்துதல் எங்ஙனம்? வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்காகக் கடையடைக்கும் கல்முனை வணிகரைப் பாருங்கள். உள்ளே நிற்போருக்கு நேரமாயிற்று என அறிவிப்பார். கதவைப் பாதி சாத்திப் புதியவர் வரவைத் தடுப்பார். தொடங்கிய வியாபாரத்தை முடிப்பார், கணக்கை எழுதிப் பெட்டியைப் பூட்டுவார், இறுதியிலேதான் விளக்கணைப்பார். பெல் ஆய்வுகூடத்தில் 1969இல் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி முதலியோர் உருவாக்கத் தொடங்கிய யுனிக்ஸ் முறைமையின் வழிவந்தனவும் இவ்வரிசையையே பின்பற்றுகின்றன. பயனர் அனைவருக்கும் முன்னறிவித்தல் செல்லும். புதிய நுழைவு தடைப்படும். இயங்கும் நிரல்கள் முடியுமாறு முதலில் வேண்டப்படும், இணங்காதவை பின்னரே வலிந்து நிறுத்தப்படும். நினைவகத்தில் உள்ளவை வன்தட்டில் எழுதப்படும். அதன் பின்பே மின்சாரம் நிற்கும். யூ.பி.எஸ். என்னும் மின்கலப் பெட்டியின் சில நிமிடங்கள் இவ்வொழுங்குக்காக அளிக்கப்பட்டவை; இன்னும் நான்கு பதிவு செய்வதற்காக அல்ல.

எழுப்புதலுக்கும் ஒழுங்கு உண்டு. மின்சாரம் மீண்டதும் விரைதல் ஆகாது. அது மறுபடியும் அறுதல் கூடும். சற்றுப் பொறுத்து, வலையமைப்பையும் தாய்க்கணினியையும் முதலில் எழுப்பி, வன்தட்டைச் சோதித்து, தரவுத்தளம் செம்மையாயுள்ளதெனக் கண்ட பின்பே ஏனையோருக்குக் கதவு திறத்தல் வேண்டும்.

நாட்டின் மின்வலையமைப்பும் பலர் கூடிப் பயன்படுத்தும் ஒரு முறைமையே. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி இலங்கை முழுவதும் இருண்டது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியைத் தீண்டியதே காரணம் என அமைச்சர் தெரிவித்தார். பல பகுதிகளில் சில மணி நேரத்தில் ஒளி மீண்டது. ஆயினும் திடீரென நின்ற நுரைச்சோலை அனல்மின் நிலையத்தை உடனே எழுப்ப இயலாமையால், அடுத்த நாள்களிலும் மின்வெட்டு நேர்ந்தது. நொடியில் நின்றது நொடியில் எழுவதில்லை.

எங்கள் அலுவலகத்தில் இப்பொழுது தாய்க்கணினியின் அருகே ஒரு தாள் ஒட்டப்பட்டுள்ளது. நிறுத்தும் வரிசையும் எழுப்பும் வரிசையும் அதில் தமிழில் உள்ளன. யான் விடுமுறையில் உள்ள நாளிலும் அவ்வரிசைப்படியே வேலை நடைபெறுகின்றது.

கணினி கற்கும் மாணவத் தம்பிமாருக்கு ஒரு சொல். ஆளியில் கைவைக்குமுன், மறுமுனையில் யார் இருக்கின்றார் என்று வினவுங்கள். அங்கே ஒருவருடைய ஓராண்டு உழைப்பு, இன்னும் எழுதப்படாமல் நினைவகத்தில் காத்திருத்தல் கூடும்.