பனிக்கால அமெரிக்காவில் அண்டை வீட்டார்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடபகுதியில், பெரும் ஏரிகள் சூழ அமைந்திருப்பது மிச்சிகன் மாநிலம். அதன் பெருநகரமாகிய டெட்ராய்ட்டை ஒட்டி டியர்பார்ன் என்னும் ஊர் உள்ளது. மோட்டார்க் கார்த் தொழிலின் தாயகம் இப்பகுதி. தம் தொழிற்சாலையில் நாளொன்றுக்கு ஐந்து டாலர் கூலி என்று ஹென்றி ஃபோர்டு 1914இல் அறிவித்ததும், பல நாட்டு மக்கள் வேலை தேடி வந்து குவிந்தனர். இன்றைய லெபனான், சிரியா ஆகிய பகுதிகளைச் சேர்ந்த முஸ்லிம்களும் அவர்களுள் இருந்தனர். 1921இல் அருகிலுள்ள ஹைலண்ட் பார்க்கில் அவர்கள் ஓர் இறையில்லம் எழுப்பினர். பள்ளிவாசலுக்கென்றே அமெரிக்காவில் கட்டப்பட்ட முதற் கட்டடங்களுள் அதுவும் ஒன்று. இன்றோ டியர்பார்னில் வாழ்வோரில் பாதிக்கு மேற்பட்டோர் அரபு வழியினர். வாரன் அவென்யூவில் நடந்தால் கடைப் பலகைகளில் அரபு எழுத்துகள் மிளிர்கின்றன. ஃபோர்டு சாலையில் 2005இல் திறக்கப்பட்ட பெரும் பள்ளிவாசலின் மினாராக்கள் தொலைவிலிருந்தே கண்ணில் படுகின்றன. அதன் பக்கத்திலேயே கிறிஸ்தவ ஆலயங்களும் நிற்கின்றன.

2022 டிசம்பரில் இப்பகுதியைக் காணும் வாய்ப்பை அல்லாஹ் எனக்கு அளித்தான். என் தங்கையின் குடும்பம் டியர்பார்னிலிருந்து சற்றுத் தள்ளிய புறநகரொன்றில் வசிக்கிறது. அந்தத் தெருவில் முஸ்லிம் வீடு அவர்களுடையது ஒன்றுதான்.

சுருங்கிய பகல்

நம் நாட்டில் மார்கழியும் ஆனியும் பகல் அளவில் பெரிதாக வேறுபடுவதில்லை. அங்கோ டிசம்பர் இறுதியில் காலை எட்டு மணிக்குத்தான் சூரியன் தலைகாட்டுகிறது. மாலை ஐந்து மணி அடித்த சில நிமிடங்களில் மக்ரிப் நேரம் வந்துவிடுகிறது. லுஹர் பன்னிரண்டரைக்கு, அஸர் மூன்று மணிக்குச் சற்று முன்பாக, மக்ரிப் ஐந்துக்கு. நான்கரை மணி நேரத்துக்குள் மூன்று தொழுகைகளின் நேரமும் வந்துவிடுவதால், அலுவலகம் செல்வோர் அங்கேயே தொழ இடம் தேட வேண்டியுள்ளது. மைத்துனர் மதிய உணவு இடைவேளையில் லுஹரையும், சிறிய அறையொன்றில் தனியே அஸரையும் நிறைவேற்றுகிறார். கடுங்குளிரில் ஒவ்வொரு முறையும் காலைக் கழுவுவது எளிதன்று. உளுச் செய்து அணிந்த தோல் காலுறையின் மீது மஸ்ஹுச் செய்யலாம், ஊரில் தங்கியிருப்பவருக்கு ஒரு பகல் ஓரிரவு, பயணிக்கு மூன்று பகல் மூன்றிரவு என்று நம் மத்ரஸாவில் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். அந்தச் சலுகையின் அருமை அங்கேதான் நன்கு விளங்குகிறது.

ரமளானில் விடுபட்ட நோன்புகளைப் பெண்கள் இந்த மாதத்தில் களாச் செய்கின்றனர். கோடையில் பதினேழு மணி நேரம் நீளும் நோன்பு, டிசம்பரில் பதினொரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. குளிர்கால நோன்பைச் சிரமமின்றிக் கிடைக்கும் வெற்றிப்பொருளுக்கு ஒப்பிடும் ஒரு நபிமொழி உண்டு. அந்நாட்டுச் சகோதரிகள் அதனைச் செயலில் காட்டுகின்றனர்.

கடைவீதித் திருநாள்

நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழனன்று நன்றி கூறும் நாள். குடும்பத்தார் ஒன்றுகூடி வான்கோழி சமைத்து உண்பர். மறுநாள் முதல் புத்தாண்டு வரை கடைகளில் கூட்டம் அலைமோதும். டெட்ராய்ட்டில் 1924ஆம் ஆண்டு ஹட்சன்ஸ் என்னும் பெரும் கடையினர், நன்றி கூறும் நாளில் ஓர் ஊர்வலத்தைத் தொடங்கி வைத்தனர். பரிசளிக்கும் சாண்டா கிளாஸ் அதன் இறுதியில் வருவார். அந்தக் கடை 1983இல் மூடப்பட்டது. அதன் மாபெரும் கட்டடம் 1998இல் தகர்க்கப்பட்டது. ஊர்வலமோ தொடர்கிறது!

இந்தப் பண்டிகை அமெரிக்காவில் என்றும் இப்படியே இருந்ததன்று. மாசசூசெட்ஸ் குடியேற்றத்தை ஆண்ட பியூரிட்டன் கிறிஸ்தவர்கள், இதற்கு வேதத்தில் ஆதாரமில்லை என்று கூறி 1659இல் தடை செய்தனர். கொண்டாடியவருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம். 1681இல் தான் அத்தடை நீங்கியது. 1870இல் தான் அது மத்திய அரசு விடுமுறையாயிற்று. பின்னர் வணிகம் அதனைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. கடன் அட்டையில் பரிசு வாங்கிவிட்டு அடுத்த கோடை வரை தவணை கட்டும் குடும்பங்கள் உண்டு என்று மைத்துனர் சொன்னார். பிறந்தவர் எளிமையாக வாழ்ந்த நபி. அவர் பெயரால் நடப்பதோ கடன் வியாபாரம்!

அந்நாட்டின் பழைய டிசம்பர் ஒன்றையும் நம் வாசகர்கள் அறிய வேண்டும். 1805ஆம் ஆண்டு ரமளான் மாதத்தில் துனீசியத் தூதர் சுலைமான் மெல்லிமெல்லி வாஷிங்டன் வந்திருந்தார். டிசம்பர் 9 அன்று அதிபர் தாமஸ் ஜெஃபர்சன் அவரை விருந்துக்கு அழைத்தார். வழக்கமாகப் பிற்பகல் மூன்றரை மணிக்கு நடைபெறும் விருந்து, தூதர் நோன்பாளி என்பதால் சூரியன் மறையும் நேரத்துக்கு மாற்றப்பட்டது. விருந்தளித்தவர் தம் மதத்தை மாற்றிக்கொள்ளவில்லை. விருந்தினரும் தம் நோன்பை விடவில்லை. விருந்தின் நேரம் மட்டுமே மாறியது.

மருமகனின் கேள்வி

தெருவெங்கும் வண்ண விளக்குகள். சன்னல்தோறும் அலங்கரித்த மரம். ஒரு மாலை, எட்டு வயது மருமகன் என்னிடம் கேட்டான்: "மாமா, எல்லார் வீட்டிலும் விளக்கு எரியுது. நம்ம வீடு மட்டும் ஏன் இருட்டா இருக்கு? என்ன பரிசு கிடைச்சுதுன்னு பள்ளிக்கூடத்துல கேட்டா நான் என்ன சொல்றது?"

இந்தக் கேள்வி அந்நாட்டு முஸ்லிம் பெற்றோர் ஒவ்வொருவரையும் உறுத்துகிறது. சிலர் பிள்ளை ஏங்குகிறதே என்று மரத்தை வாங்கி வைத்துவிடுகின்றனர். சிலர் பக்கத்து வீட்டாரைப் பழித்துப் பேசிப் பிள்ளையின் வாயை அடைக்கின்றனர். என் தங்கை இரண்டையும் செய்யவில்லை. மகனை அருகில் அமர்த்தி, மர்யம் (அலை) அவர்கள் பேரீச்ச மரத்தடியில் தனித்துப் பட்ட வேதனையையும், அல்லாஹ் அவர்களுக்குக் கனியும் நீரும் அளித்ததையும், தொட்டிற் குழந்தையாகிய ஈஸா (அலை) பேசியதையும் குர்ஆனில் உள்ளவாறு கூறினாள். "அவங்க நமக்கும் நபிதான், வாப்பா. அவங்க அல்லாஹ்வுடைய அடியார்னு நாம நம்புறோம். பக்கத்து வீட்டார் வேற மாதிரி நம்புறாங்க. அவங்க பெருநாள் அவங்களுக்கு. நமக்கு அல்லாஹ் ரெண்டு பெருநாள் தந்திருக்கான். உன் கூட்டாளிங்க கேட்டா, எங்க பெருநாளுக்கு நீங்க வாங்கன்னு சொல்லு" என்றாள். சிறுவன் சற்று நேரம் யோசித்தான். "அப்போ நம்ம பெருநாளுக்கு விளக்குப் போடலாமா?" என்றான். போடலாம் என்று தாய் உறுதியளித்தாள்.

டிசம்பர் 25

அவ்வாரம் அமெரிக்காவின் பெரும்பகுதியைக் கடும் பனிப்புயல் தாக்கியது. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் பலர் மாண்டனர். மிச்சிகனிலும் எலும்பைத் துளைக்கும் குளிர். பக்கத்து வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய கிறிஸ்தவ மூதாட்டி ஒருவர் தனியே வசிக்கிறார். பிள்ளைகள் தொலைதூர மாநிலங்களில். விமானங்கள் இரத்தாகிவிட, அவ்வாண்டு ஒருவரும் வர இயலவில்லை. சுப்ஹு தொழுததும் மைத்துனர் மண்வாரியை எடுத்துக்கொண்டு போய், முதலில் அந்த அம்மையாரின் வாசற்பனியை அகற்றினார். பிறகே தம் வாசலுக்கு வந்தார். தங்கை சுடச்சுடக் கோழிச்சாறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். மாலையில் மூதாட்டி மாவுப் பலகாரம் ஒரு தட்டு அனுப்பினார். அதனுடன் ஒரு சீட்டு: பன்றிக்கொழுப்பு சேர்க்கவில்லை, வெண்ணெய் மட்டுமே. கேளாமலே அவர் அதனை எழுதியிருந்தார்.

டெட்ராய்ட் வட்டாரத்தில் இதனைப் பெரிய அளவிலும் செய்கின்றனர். கிறிஸ்தவத் தொண்டர்கள் டிசம்பர் 25 அன்று தம் குடும்பத்தோடு இருக்கட்டும் என்று, ஏழைகளுக்கு உணவளிக்கும் கூடங்களில் அவர்களுடைய பணியை யூதர்கள் ஏற்றுச் செய்துவந்தனர். 2009இல் முஸ்லிம்களும் அவர்களோடு இணைந்தனர். மைத்துனரும் முன்பொரு முறை சென்று முதியோர் வீடுகளுக்கு உணவு கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். தலைமறைப்பு அணிந்த பெண்ணும் யூதத் தொப்பி அணிந்த முதியவரும் அருகருகே நின்று உருளைக்கிழங்கு சீவினார்களாம்.

நமக்கென்ன பாடம்?

நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். வானவர் ஜிப்ரீல் (அலை) அண்டை வீட்டாரைப் பற்றி இடைவிடாது வலியுறுத்தியதால், அவரை வாரிசாக்கிவிடுவாரோ என்று தாம் எண்ணியதாகப் பெருமானார் (ஸல்) கூறியதையே அதற்குக் காரணமாகச் சொன்னார்கள். கொள்கையில் உறுதியும் அண்டை வீட்டாரிடம் அன்பும் ஒன்றையொன்று வெட்டுவன அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பெருநாள் நெருங்கினால் ஜவுளிக் கடையில் கடன் வைத்துவிட்டு வரும் வழக்கம் நம்மிடையேயும் வேரூன்றிவிட்டது. அமெரிக்கக் கடைவீதியிலிருந்து நாம் கற்க வேண்டியது அதுவன்று. 2030ஆம் ஆண்டின் டிசம்பர் இறுதியில் ரமளான் பிறை மீண்டும் அந்தப் பனிக்காலத்தில் தோன்ற இருக்கிறது. அப்போது மண்வாரி பிடிக்க மருமகனுக்கும் வயது வந்திருக்கும். தந்தை வழியில் அவனும் முதலில் பக்கத்து வாசலைத் துப்புரவு செய்வான் என்று நம்புகிறேன். தீனை விட்டுக்கொடுக்காமலும், அண்டை வீட்டாரை விட்டுவிடாமலும் வாழும் பாக்கியத்தை அவனுக்கும் நம் பிள்ளைகள் அனைவருக்கும் அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.