நீர்க்கட்டியின் கண்

பரவை என்னும் சொல்லுக்குக் கடல் என்பது ஒரு பொருள். வைகையின் வடகரையில், கடலைக் காணாத எங்கள் ஊர் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. எனினும் இங்கு வாழ்வு நடப்பது கடலளவு நீரால் அன்று. அளந்து விடப்படும் நீரால்.

1959-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது; 69 அடியில் மூன்றாவது. அணைக்குக் கீழே ஆற்றங்கரையில் வாழும் எங்களுக்கு இவை வெறும் எண்கள் அல்ல. துணி வெளுக்கச் சென்றவரையும் மாடு மேய்க்கச் சென்றவரையும் கரையேறச் சொல்லும் அழைப்பு.

இன்று இத்தகைய அளவுகளை எடுக்க உணரிகள் வந்துவிட்டன. தானியங்கி மழைமானியின் உள்ளே இரு சிறு கிண்ணங்கள் தராசுத் தட்டுகளைப்போல் அமைந்திருக்கும். ஒன்று நிறைந்ததும் சாய்ந்து கொட்டும். உடனே மற்றொன்று நீரை ஏந்தும். ஒவ்வொரு சாய்விலும் ஒரு மின்துடிப்பு எழும். அத்துடிப்புகளை எண்ணியே மழையளவு கணிக்கப்படுகிறது. நீர்ப்பரப்பின்மேல் பொருத்தப்படும் ரேடார் கருவியோ, தான் அனுப்பும் அலை மோதித் திரும்பும் நேரத்தைக்கொண்டு நீர்மட்டத்தைச் சொல்கிறது. நள்ளிரவிலும் உறங்காத காவலர்கள் இவை.

ஆயினும், மழைமானியின் வாயை உதிர்ந்த இலைகள் அடைத்துக்கொண்டால், கொட்டும் மழையிலும் அது மழையில்லை என்றே சொல்லும். இலையை அகற்ற ஒரு மனிதக் கை வேண்டும். அளவு சரியாயிருப்பினும், அதைக் கேட்டு எழுந்து நடக்க ஒருவர் வேண்டும்.

கண்மாய்க் கரையில் நடக்கும் மாலைகளில் நான் நினைத்துக்கொள்வது நீர்க்கட்டிகளை. பாண்டிநாட்டுக் கண்மாய்களில் மடை திறந்து, வயல்தோறும் நீரைப் பகிர்ந்தளித்தவர்கள் அவர்கள். பல ஊர்களில் அவர்கள் நிலமற்ற ஏழைகள், ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். கூலியாக அறுவடையில் ஒரு பங்கு நெல் பெற்றனர். சொந்த வயல் இல்லாதவர் பிறர் வயலின் தாகத்தை அளந்தார். அளந்ததோடு நில்லாமல், இரவானாலும் மண்வெட்டியுடன் புறப்பட்டார். காண்பதும் செய்வதும் அவரிடம் ஒன்றாயிருந்தன. உணரி அவருடைய கண்ணை மட்டுமே நமக்குத் தருகிறது. காலையும் கையையும் தருவதில்லை.

மனச்சான்றையும் அது தருவதில்லை. காற்றில் மிதக்கும் 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகள்களையும் இன்று உணரிகள் அளக்கின்றன. ஒரு கன மீட்டர் காற்றில் அவற்றின் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்தது. நம் நாட்டின் வரையறை 40. கருவி காட்டும் எண் ஒன்றே. எது தாங்கத்தக்கது எனத் தீர்ப்பிடுவோர் மனிதர். எங்கள் காய்கறிச் சந்தையில் லாரிப் புகைக்கு நடுவே மூட்டை இறக்கும் தொழிலாளியின் நுரையீரல் அத்தீர்ப்பைச் சுமக்கிறது.

வானத்தின் தோற்றத்தைக்கொண்டு மழையையும் வெயிலையும் கணிக்கத் தெரிந்தவர்கள், காலத்தின் குறிகளை உணராதிருந்ததை ஆண்டவர் கடிந்துகொண்டதாக மத்தேயு நற்செய்தியின் 16-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். வானம் பார்ப்பதை அவர் குறைகூறவில்லை; பார்த்தும் மாறாத நெஞ்சையே குறைகூறினார்.

கண்மாய்க்கும் காற்றுக்கும் எத்தனை உணரிகள் வைத்தாலும், ஊருக்கு ஒரு நீர்க்கட்டி வேண்டியிருக்கும். அப்பணிக்கு மீண்டும் ஓர் ஏழையை அனுப்பிவிட்டு நாம் திண்ணையில் அமர்ந்திருத்தல் தகாது. மண்வெட்டி இம்முறை நம் கைக்கும் வரட்டும்.