பையை விடு!

என் வீட்டு அலமாரியில் ஒரு சிறிய கண்ணாடிப் புட்டி இருக்கிறது. அதனுள் ஒரு பிடி கிராம்பு. மூடியைத் திறந்தால் இன்றும் மணம் வீசும். அந்த மணத்தை நுகரும் ஒவ்வொரு முறையும், என் மணிக்கட்டை இறுகப் பற்றி இழுத்த ஒரு மூதாட்டியின் கை என் நினைவுக்கு வரும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, வாய்மொழிக் கதைகளைப் பாடத்தில் எவ்வாறு பயன்படுத்தலாம் என்பது குறித்துத் தகவல் திரட்ட இந்தோனேசியாவின் சிமலுவே தீவுக்குச் சென்றேன். அத்தீவு ஆச்சே மாநிலத்தைச் சேர்ந்தது. சுமத்திராவின் மேற்குக் கரைக்கு அப்பால், இந்தியப் பெருங்கடலில் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. லாபுஹான் ஹாஜி துறைமுகத்தில் ஃபெர்ரியில் ஏறினால், இரவு முழுவதும் பயணம் செய்து, காலையில்தான் சினாபாங் நகரை அடைய முடியும். அங்கிருந்து மேலும் பல மணி நேரச் சாலைப் பயணம். இறுதியில், ஒருபுறம் கடலும் மறுபுறம் குன்றுமாக இருந்த ஒரு சிறு கிராமத்தை அடைந்தேன்.

அங்கே ஓர் ஆசிரியர் குடும்பத்தின் பலகை வீட்டில் தங்கினேன். ஆசிரியரின் தாயாருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். எல்லாரும் அவரை ‘நேனெக்’, அதாவது பாட்டி, என்றே அழைத்தார்கள். நானும் அவ்வாறே அழைத்தேன். மலாய் மொழியும் இந்தோனேசிய மொழியும் நெருங்கிய உறவுடையவை. ஆகவே, எங்கள் பேச்சுக்குத் தடையேதும் இருக்கவில்லை.

கிராமத்து வாழ்க்கை எனக்குப் புதுமையாக இருந்தது. வீட்டு வாசலில் பாய் விரித்துக் கிராம்பைக் காய வைத்திருந்தார்கள். எருமைகள் கட்டுக்கயிறு இல்லாமல் சாலையிலும் கடற்கரையிலும் திரிந்தன.

“இவை காணாமல் போய்விடாவா, நேனெக்?” என்று கேட்டேன்.

“எது யாருடைய எருமை என்று ஊருக்கே தெரியும். இவைதாம் எங்கள் வங்கி. பிள்ளையை மேற்படிப்புக்கு அனுப்ப வேண்டுமென்றால் ஒன்றை விற்போம்” என்று சொல்லிச் சிரித்தார்.

அந்த வீட்டின் கதவு பகலில் பூட்டப்படவே இல்லை. நானோ கிள்ளானில் இரும்புக் கதவு, மரக்கதவு என இரண்டுக்கும் பூட்டுப் போட்டு வாழ்பவள். என் பையில் மடிக்கணினி, கடப்பிதழ், பணம் எல்லாம் இருந்தன. பைக்குச் சிறு பூட்டு ஒன்றைப் போட்டு, அதைக் கட்டில் காலோடு சேர்த்துக் கட்டியும் வைத்தேன். நேனெக் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஆனால், அவருடைய முகத்தில் ஒரு சிறு கவலை தெரிந்தது. அவர் தம்மைப் பற்றி நான் ஐயப்படுவதாக நினைத்து வருந்துகிறார் என்று எண்ணி வெட்கப்பட்டேன். அவரது கவலையின் உண்மையான காரணம் பின்னர்தான் புரிந்தது.

ஒரு நாள் மாலை நேனெக்கிடம் ஸ்மோங் பற்றிக் கேட்டேன். ‘ஸ்மோங்’ என்பது அத்தீவின் டெவாயான் மொழிச் சொல். நிலநடுக்கத்துக்குப் பின் எழுந்து வரும் பேரலையை அது குறிக்கும். 1907ஆம் ஆண்டு ஜனவரி மாதம் அத்தீவைப் பேரலை தாக்கியது. ஏராளமானோர் மாண்டனர். கடல் உள்வாங்கியதும், கரையில் துள்ளிய மீன்களை அள்ளச் சென்றவர்கள் திரும்பவே இல்லை என்று நேனெக்கின் பாட்டி சொல்லியிருக்கிறாராம். அந்தப் பாட்டி அப்போது சிறுமி. அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு குன்றேறிய தந்தையால்தான் அவர் பிழைத்தார்.

உயிர் தப்பியவர்கள் தாங்கள் பட்ட துன்பத்தைக் கதையாகச் சொன்னார்கள். ‘நாண்டோங்’ எனப்படும் பாட்டாகவும் பாடினார்கள். தாலாட்டும்போதும் வயலில் வேலை செய்யும்போதும் அது ஒலித்தது. அதன் கருத்து மிக எளிமையானது. நிலம் பலமாக அதிர்ந்து, அதன்பின் கடல் உள்வாங்கினால், உடனே உயரமான இடத்துக்கு ஓட வேண்டும். எதற்காகவும் காத்திருக்கக் கூடாது.

அந்தக் கதை ஏறத்தாழ நூறு ஆண்டுகள் வாய்வழியாகவே வாழ்ந்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, அதற்குப் பெரும் சோதனை வந்தது. அன்று ஏற்பட்ட நிலநடுக்கத்தின் மையம் சிமலுவேக்கு மிக அருகில் இருந்தது. தீவின் வட பகுதியில் உள்ள லாங்கி என்னும் கிராமத்தைப் பேரலை ஏறத்தாழ எட்டு நிமிடங்களில் அடைந்தது. எட்டு நிமிடங்களில் எந்த அறிவிப்பு வந்து சேரும்? இந்தியப் பெருங்கடலுக்கு அப்போது சுனாமி எச்சரிக்கை அமைப்பே இல்லை. லாங்கியில் வீடுகள் அடித்தளம் வரை துடைத்தெடுக்கப்பட்டன. ஆனால், அங்கு வாழ்ந்த சுமார் 800 பேரில் ஒருவரும் இறக்கவில்லை. தீவு முழுவதும் ஏறத்தாழ 78,000 மக்கள் இருந்தனர். அவர்களுள் மாண்டவர்கள் ஏழு பேர் மட்டுமே.

அதே நாளில், அதே அலை ஆச்சேயின் பெருநிலக் கரையைத் தாக்கியது. இந்தோனேசியாவில் மட்டும் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மறைந்தனர். நம் பினாங்கையும் கெடாவையும் அது தொட்டது. வங்கக் கடலைக் கடந்து, நாகப்பட்டின மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டது. அந்தக் கரைகளில் பலர் உள்வாங்கிய கடலை வியப்போடு பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களிடம் அன்பும் உழைப்பும் இருந்தன. அந்த ஒரு கதைதான் இல்லை.

“உங்கள் வீடு என்னவாயிற்று, நேனெக்?” என்று கேட்டேன்.

“வீடா? அது போயிற்று. நெல் மூட்டை, தையல் இயந்திரம், என் திருமணத் துணி எல்லாமே போயின. நாங்கள் அனைவரும் இருந்தோம். பிறகு வீடு வந்தது” என்றார். இழப்பைப் பற்றி அவ்வளவு சுருக்கமாகப் பேசிய ஒருவரை நான் அதுவரை கண்டதில்லை.

இதையெல்லாம் குறிப்பேட்டில் கவனமாக எழுதிக்கொண்டேன். எல்லாம் புரிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

மறுநாள் நள்ளிரவு. கட்டில் குலுங்கியதில் விழித்தேன். பலகைச் சுவர்கள் கிறீச்சிட்டன. அடுக்களையில் பாத்திரங்கள் உருண்டன. விளக்கு அணைந்தது. “எழுந்திருங்கள்! குன்றுக்கு!” என்ற குரல் கேட்டது. குழந்தைகள் அழவில்லை, அவர்களின் காலடி ஓசை மட்டும் வாசலைக் கடந்து ஓடியது.

நான் ஓடவில்லை. இருட்டில் என் பையின் பூட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். சாவி எங்கே? தலையணைக்கு அடியிலா? கட்டில் காலில் நானே போட்ட முடிச்சு அவிழ மறுத்தது. கடப்பிதழ் இல்லாமல் எப்படி நாடு திரும்புவது? மூன்று மாத உழைப்பு அந்தக் கணினிக்குள் அல்லவா இருக்கிறது? ஒரு நிமிடம் கழிந்ததா, இரண்டு நிமிடம் கழிந்ததா, எனக்குத் தெரியாது.

திடீரென ஒரு கை என் மணிக்கட்டைப் பற்றியது.

“பையை விடு!” என்றார் நேனெக்.

“என் கடப்பிதழ்...”

“விடு, மகளே!”

அந்தக் கையில் அவ்வளவு வலிமை இருக்கும் என்று நான் எண்ணியதில்லை. வெறுங்காலோடு அவருடன் ஓடினேன். கிராம்பு மரங்களுக்கு இடையே செல்லும் பாதையில், கல்லும் வேரும் காலைக் குத்த, மூச்சு வாங்க மேலே ஏறினோம். மேட்டில் ஏற்கெனவே ஊரே கூடியிருந்தது. ஆசிரியர் ஒவ்வொரு குடும்பமாக ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார். எங்கள் இருவரையும் கண்டதும் அவர் விட்ட பெருமூச்சு என் காதில் விழுந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நேனெக் முதலில் வெளியேறியவர்களுள் ஒருவர். தலைகளை எண்ணியபோது என்னைக் காணாமல், எனக்காகவே மீண்டும் கீழே இறங்கி வந்திருக்கிறார்.

அன்று அலை வரவில்லை. பொழுது விடியும்வரை மேட்டிலேயே அமர்ந்திருந்தோம்.

“அலை வராது என்று தெரிந்திருந்தால் இவ்வளவு சிரமம் வேண்டாமே” என்றேன், மெல்லிய குரலில்.

“பகலில் கடல் உள்வாங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். இரவில் பார்க்க முடியாது. அதனால் இரவில் நான் காத்திருப்பதில்லை. பத்து முறை வீணாக ஏறலாம். ஒரு முறை ஏறாமல் இருக்கக் கூடாது” என்றார்.

நான் தலை குனிந்தேன். “என் பைக்காக நீங்கள் உயிரைப் பணயம் வைத்துவிட்டீர்கள். மன்னித்துவிடுங்கள்” என்றேன்.

அவர் என் முதுகைத் தடவினார். “பொருள் மீது ஆசை எனக்கும் உண்டு, மகளே. எங்கள் நிலப் பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் எங்கே தெரியுமா? மேட்டில் இருக்கும் என் தங்கை வீட்டில் ஒரு தகரப் பெட்டியில் இருக்கின்றன. அமைதியான நாளில் பொருளைக் காப்பாற்றி வைத்துவிட வேண்டும். ஆபத்து நாளில் உயிரை மட்டுமே பார்க்க வேண்டும். நீ பையைக் கட்டிலோடு கட்டியபோதே எனக்குப் பயம் வந்தது. திருடனுக்கு எதிராக நீ போட்ட முடிச்சு உன்னையே பிடித்துக்கொள்ளுமே என்று நினைத்தேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். விருந்தாளி மனம் நோகுமே என்று சொல்லாமல் இருந்தது என் தவறு” என்றார்.

காலையில் இறங்கி வந்தபோது, என் பை கட்டிய இடத்திலேயே இருந்தது. திறந்து கிடந்த வீட்டில் ஒரு பொருளும் காணாமல் போகவில்லை. புறப்படும் நாளில் நேனெக் ஒரு பிடி கிராம்பைத் தாளில் மடித்து என் கையில் தந்தார்.

நாடு திரும்பியதும் நான் முதலில் செய்த வேலை ஒன்று உண்டு. என் ஆவணங்களுக்கு நகல் எடுத்து, என் அக்காள் வீட்டில் ஒரு கோப்பில் வைத்தேன். இரும்புக் கதவின் சாவியை உள்ளே இருப்பவர்கள் இருட்டிலும் எடுக்கும் இடத்தில் மாட்டினேன். பள்ளிகளுக்குச் செல்லும்போது தீயணைப்புப் பயிற்சியின் மணி ஒலித்தால், புத்தகப் பையைத் தேடும் மாணவர் யாரேனும் ஒருவர் கண்ணில் படுவார். “பையை விடு!” என்று நான் உரக்கச் சொல்வேன். அவர் சற்றுத் திகைத்து என்னைப் பார்ப்பார், பிறகு ஓடுவார்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்று நம் முன்னோர் சொன்னார்கள். அந்தப் பழமொழியைச் சிறு வயதிலேயே மனப்பாடம் செய்தவள் நான். அதன் பொருளை ஓர் இருண்ட இரவில், எழுபது வயது மூதாட்டி ஒருவர் என் மணிக்கட்டைப் பற்றி இழுத்தபோதுதான் கற்றுக்கொண்டேன்.